பழைய இரட்டைக் கதவில் மார்டைஸ் பூட்டு மக்கர் செய்கிறது: சரி செய்வதா, மாற்றுவதா?

பழையபேட்டையான் | சனி, இரவு 9:20

வணக்கம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் தாத்தா 1962-இல் கட்டிய ஓட்டு வீடு இருக்கிறது. நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். மாதம் ஒருமுறை வந்து திறந்து, கூட்டிப் பெருக்கி, விளக்கேற்றிவிட்டுப் போவதோடு சரி.

வாசல் கதவு தேக்கு, இரட்டைக் கதவு. வலது கதவில் அப்பா காலத்தில் மாட்டிய மார்டைஸ் பூட்டு, அதாவது மரத்துக்குள்ளேயே புதைந்திருக்கும் வகை. கைப்பிடியும் சாவித் துவாரமும் ஒரே தகட்டில் இருக்கும். ஆறு மாதமாகவே சாவி பாதி சுற்றி நின்றுவிடுகிறது. கதவைத் தோளால் முட்டி, கைப்பிடியை மேலே தூக்கிப் பிடித்தால்தான் பூட்டுகிறது. கைப்பிடி வேறு தொங்குகிறது. போன முறை பூட்ட இருபது நிமிடம் ஆனது, பஸ்ஸை விட்டேன்.

உள்ளறைக் கதவு ஒன்றும் இருக்கிறது. அதன் சாவி எப்போதோ தொலைந்து, பூட்டை யாரோ உடைத்துத் திறந்திருக்கிறார்கள்.

ஒரு பூட்டுக்காரர் வந்து பார்த்தார். சாவியைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. "இதெல்லாம் இப்ப வர்றதில்லை சார், கதவை வெட்டிப் புதுசு போட்டுடலாம், ரெண்டுக்கும் சேர்த்து ஒன்பதாயிரம்" என்றார். தாத்தா கதவில் உளி வைக்க மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

ஆசாரிவீட்டுப்பிள்ளை | சனி, இரவு 10:05

தம்பி, நான் காவேரிப்பட்டணம். அப்பா ஐம்பது வருடம் கதவு, நிலை வேலை பார்த்தவர். நான் அந்தத் தொழிலுக்குப் போகவில்லை, ஆனால் உளி பிடிக்கத் தெரியும்.

முதலில் ஒன்று செய்யுங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைப் போட்டுச் சுற்றிப் பாருங்கள். நாக்கு, அதாவது பூட்டிலிருந்து நீளும் துண்டு, தடையில்லாமல் வெளியே வந்து உள்ளே போனால் பூட்டில் பெரிய கோளாறு இல்லை, கதவுதான் இடம் மாறியிருக்கிறது. திறந்திருக்கும்போதும் சிக்கினால் கோளாறு பூட்டுக்குள். இதைப் பார்க்காமல் விலை சொல்பவரை நம்பாதீர்கள்.

தோளால் முட்டினால் பூட்டுகிறது என்கிறீர்கள். அதனால் எனக்குக் கீல் மேல்தான் சந்தேகம். மேல் கீலின் திருகு தளர்ந்தால் கதவு முன்பக்கம் இறங்கிவிடும். நாக்கு எங்கே இடிக்கிறது என்று பார்க்கக் குங்குமத்தை எண்ணெயில் குழைத்து நாக்கின் நுனியில் தடவிவிட்டுக் கதவைச் சாத்திச் சாவியைச் சுற்றுங்கள். எதிர்த்தகட்டில், அதாவது நாக்கு நுழையும் துவாரமுள்ள தகட்டில், எங்கே சிவப்பு ஒட்டுகிறதோ அங்கே இடிக்கிறது. அந்தத் துவாரத்தின் கீழ் விளிம்பில் ஒட்டினால் கதவு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

கீல் திருகு ஓட்டை பெரிதாகியிருந்தால் மூங்கில் குச்சியைச் சீவி, ஃபெவிகால் தடவி அடித்து, காய்ந்ததும் விளிம்போடு அறுத்துவிட்டுத் திருகை மறுபடி போடுங்கள். தீக்குச்சி போதும் என்பார்கள். இரண்டு மழைக்காலம் தாங்கும், அவ்வளவுதான்.

அரூர்க்காரி | ஞாயிறு, காலை 6:50

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். நான் கோழி இறகில் தேங்காய் எண்ணெயைத் தொட்டுச் சாவித் துவாரத்தில் விட்டேன், வெண்ணெய் மாதிரி சுற்றியது. இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு?

தருமபுரி_ஹார்டுவேர் | ஞாயிறு, காலை 8:15

அக்கா, அந்த வெண்ணெய் எத்தனை நாள் இருந்தது என்பதையும் சொல்லிவிடுங்கள் :)

கடையில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன். எங்கள் கடைக்குக் கழற்றிக்கொண்டு வரும் பூட்டுகளில் பாதிக்கு மேல் உள்ளே பழுப்புப் பிசின்தான். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைகிறது, பங்குனியில் தூசியைப் பிடித்துச் சிக்குகிறது. நாட்பட்டால் அரக்கு மாதிரி ஆகி சாவி தூக்கும் தகடுகளான லீவர் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டபிள்யூடி-40 அந்தப் பிசுக்கைக் கரைக்க நல்லது, ஆனால் நெடுநாள் மசகாக நிற்காது. சாவித் துவாரத்துக்குக் கிராஃபைட் பொடிதான். அது இல்லையென்றால் மென்மையான பென்சில் முனையைச் சாவிப் பல்லில் நன்றாகத் தேய்த்து நாலு முறை போட்டு எடுங்கள். நாக்கு நழுவும் இடத்தில் மட்டும் துளி கிரீஸ் வைக்கலாம்.

அரூர்க்காரி | ஞாயிறு, காலை 9:30

எட்டு மாதம் இருந்தது. போதுமா?

சரி, எண்ணெயை விடுங்கள். தம்பி இரட்டைக் கதவு என்று எழுதியிருக்கிறார். எல்லோரும் பூட்டு இருக்கிற கதவையே பார்க்கிறீர்கள். நாக்கு போய் நுழைவது இன்னொரு கதவில்தானே? அந்தக் கதவின் மேல் தாழ்ப்பாள் ஆடினால் என்ன செய்வீர்கள்? எங்கள் வீட்டில் அதுதான் வினை. வெளியிலிருந்து தள்ளினால் இடது கதவு அரை விரல்கடை உள்ளே போகும்.

ஆசாரிவீட்டுப்பிள்ளை | ஞாயிறு, காலை 9:52

அக்கா சொல்வது சரி. நான் ஒற்றைக் கதவு நினைப்பிலேயே எழுதிவிட்டேன். தம்பி, இடது கதவை மேலும் கீழும் தாழிட்டுவிட்டு நடுவில் கை வைத்து அசைத்துப் பாருங்கள். அசைவு இருந்தால் கீல் பக்கமே போக வேண்டாம், முதல் வேலை அதுதான்.

ஓசூர்_நைட்ஷிப்ட் | ஞாயிறு, பகல் 1:10

2026-ல் குங்குமம் தடவிக்கொண்டு இருக்கிறீர்களே. கைரேகை வைத்தால் திறக்கும் டிஜிட்டல் பூட்டு மாட்டுங்கள் ப்ரோ. பெங்களூரிலிருந்தே போனில் பூட்டலாம்.

தருமபுரி_ஹார்டுவேர் | ஞாயிறு, பகல் 2:40

நானும் அதை விற்கிறேன் தம்பி, லாபமும் அதில்தான் அதிகம். ஆனாலும் சொல்கிறேன். அதன் உள்பெட்டி பழைய பூட்டை விடப் பெரியது, கதவை இன்னும் குடைய வேண்டும். இரட்டைக் கதவு ஒன்றின் மேல் ஒன்று படியும் விளிம்புக் காடியில் அது நேராக உட்காராது. மாதம் ஒருமுறை திறக்கும் வீட்டில் பேட்டரி ஒழுகினால் கைரேகையை யாரிடம் காட்டுவது? அடுக்குமாடியில் புதுக் கதவுக்குப் போடுங்கள், தாராளமாக.

ஓசூர்_நைட்ஷிப்ட் | ஞாயிறு, பகல் 2:48

சரிங்க அண்ணா, பேட்டரி விஷயம் ஒப்புக்கொள்கிறேன்.

பழையபேட்டையான் | அடுத்த சனி, மாலை 5:30

வந்துவிட்டேன். சோதனை முடிவுகள்:

இடது கதவு ஆடுகிறது. மேல் தாழ்ப்பாள் நுழையும் ஓட்டை நிலையில் தேய்ந்து முட்டை வடிவமாகியிருக்கிறது. அரூர் அக்காவுக்கு ஒரு கும்பிடு. கீல்கள் உறுதியாகவே இருக்கின்றன.

ஆனால் கதவைத் திறந்து வைத்துச் சாவி போட்டாலும் முழுசாகச் சரியில்லை. நாக்கு வருகிறது, கரகரவென்று சத்தத்தோடு. கைப்பிடியும் தொங்கல்தான். ஆக, இரண்டு பக்கமும் கோளாறு. பூட்டை வெளியே எடுப்பது எப்படி? கதவு விளிம்பில் தெரியும் முகத்தகடு பெயின்டில் மூடிப்போயிருக்கிறது.

ஆசாரிவீட்டுப்பிள்ளை | அடுத்த சனி, மாலை 6:15

நிதானமாகச் செய்யுங்கள். அவசரப்பட்டால் கதவு விளிம்பு பிளந்துவிடும்.

கைப்பிடித் தகடுகளை இரண்டு பக்கமும் கழற்றுங்கள். நடுவில் ஒரு சதுரக் கம்பி ஓடும், அதை உருவிவிடுங்கள். அதை எடுக்காமல் பூட்டை இழுத்து மரத்தை உடைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம் முகத்தகட்டைச் சுற்றிப் பிளேடால் கோடு கிழித்துப் பெயின்டை அறுத்துவிடுங்கள். திருகுத் தலையின் வெட்டுக்குள் இருக்கும் பெயின்டை ஆணி நுனியால் சுரண்டி எடுங்கள். இல்லாவிட்டால் ஸ்க்ரூடிரைவர் வழுக்கித் தலை மொட்டையாகிவிடும்.

முகத்தகட்டில் மேலும் கீழும் இரண்டு திருகுதான் இருக்கும். அவற்றைக் கழற்றியதும் சாவியால் நாக்கை வெளியே தள்ளி, சாவியை எடுத்துவிட்டு, நாக்கில் துணி சுற்றிக் குறடால் பிடித்து நேராக இழுங்கள். வரவில்லையென்றால் கைப்பிடி ஓட்டையில் ஒரு ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே விட்டு, கதவின் இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக உங்கள் பக்கம் இழுக்கலாம். விளிம்பு மரத்தில் ஊன்றி நெம்ப மட்டும் வேண்டாம்.

பெட்டியைத் திறக்குமுன் ஒரு அகலத் தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் தூக்கியதும் ஒரு போட்டோ. ஒவ்வொரு லீவராக எடுக்கும்போது ஒவ்வொரு போட்டோ. வரிசை மாறக்கூடாது. ஒவ்வொரு லீவரின் வயிறும் ஒவ்வொரு அளவில் வெட்டியிருக்கும். சாவிப் பல் எல்லாவற்றையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கில் உள்ள முளை அவற்றின் வாய்க்குள் புகுந்து கடக்கும். ஒன்று கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் முளை முட்டி நின்றுவிடும். வரிசையைக் கலைத்துவிட்டால் அப்புறம் அது பூட்டு இல்லை, புதிர்.

பழையபேட்டையான் | அடுத்த சனி, இரவு 9:05

திறந்தேன். உள்ளே குளவிக்கூடு! ஒரு விரல் கனத்துக்கு மண். ஆளில்லாத வீட்டில் சாவித் துவாரம் வழியாகக் குளவி குடித்தனம் பண்ணியிருக்கிறது. கரகரப்பு அதுதான். அதோடு மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் சேர்ந்து ஒரு களிம்பு. பாட்டி வெள்ளிக்கிழமைதோறும் பூட்டுத் தகட்டுக்கும் சேர்த்துப் பொட்டு வைப்பார், அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியிருக்கிறது.

மூடியைத் தூக்கும்போது ஒரு ஸ்பிரிங் பறந்து திண்ணையைத் தாண்டி விழுந்தது. தேடி எடுத்துவிட்டேன். ஆனால் கைப்பிடியை மேலே நிறுத்தும் பட்டை ஸ்பிரிங் இரண்டாக முறிந்து கிடக்கிறது. லீவர் ஆறும் பித்தளை, தேய்மானம் பெரிதாகத் தெரியவில்லை.

தருமபுரி_ஹார்டுவேர் | அடுத்த சனி, இரவு 9:40

அருமை. லீவர் நன்றாக இருந்தால் பூட்டு பிழைத்தது. மண்ணெண்ணெயிலோ தின்னரிலோ ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். உப்புத்தாள் வேண்டாம், லீவரின் வயிற்றில் ஒரு இழை தேய்ந்தாலும் சாவி ஒத்துப்போகாது. நன்றாக உலர்ந்ததும் மாட்டுங்கள்.

முறிந்த ஸ்பிரிங்குக்குப் புதுசு தேடி அலைய வேண்டாம். பழைய இரும்புக் கடையில் உடைந்த மார்டைஸ் பூட்டு எடைக்குக் கிடைக்கும். அதே அகலமுள்ள பட்டை ஸ்பிரிங்கை எடுத்து நீளம் வெட்டிப் போடலாம். பழைய சுவர்க்கடிகாரச் சுருளிலிருந்தும் துண்டு எடுப்பார்கள். வெட்டும்போது சூடாக்காதீர்கள், முறுக்கு போய்விடும். சும்மா தகரத் துண்டை வளைத்து வைத்தால் ஒரு வாரம்.

உங்கள் உள்ளறைக் கதவு அத்தனை சுலபம் இல்லை. உடைத்துத் திறந்த பூட்டைச் சரிசெய்வது வீண், அதை மாற்றத்தான் வேண்டும். கடைக்கு வருமுன் அளவு எடுத்து வாருங்கள். பாதிப் பேர் "பழசு மாதிரியே ஒன்னு கொடுங்க" என்று கையை விரித்து அளவு காட்டுகிறார்கள். பெட்டியின் உயரம், ஆழம், கனம் வேண்டும். முகத்தகட்டின் நீளமும் அகலமும் வேண்டும். முகத்தகட்டிலிருந்து சாவித் துவாரத்தின் நடு வரை எவ்வளவு, இதைத்தான் பேக்செட் என்கிறோம். கைப்பிடிச் சதுர ஓட்டையின் நடுவிலிருந்து சாவித் துவாரத்தின் நடு வரை எவ்வளவு. கதவின் கனம். எல்லாம் மில்லிமீட்டரில்.

பழையபேட்டையான் | ஞாயிறு, காலை 7:30

உள்ளறை அளவு: கதவு கனம் 38, பெட்டி கனம் 16, பேக்செட் 45, கைப்பிடி முதல் சாவி வரை 57. எல்லாம் மி.மீ.

தருமபுரி_ஹார்டுவேர் | ஞாயிறு, காலை 8:00

57 என்பது ஆங்கிலேய அளவு, பழைய பூட்டுகளில் வரும். இப்போது சிலிண்டர், அதாவது சாவி நுழையும் தனி உருளை, வைத்த பூட்டுகளில் அதிகம் ஓடுவது 85. பேக்செட் 45 உங்களுக்கு ஒத்துப்போகும். ஆனால் கைப்பிடியைப் பழைய இடத்திலேயே வைத்தால் சாவித் துவாரம் 28 மி.மீ. கீழே இறங்கும். பழைய ஓட்டையை மரத்துண்டால் அடைத்துவிட்டு, நீளத் தகடு உள்ள கைப்பிடி போட்டால் வெளியே தெரியாது.

சிலிண்டரின் நீளம் முக்கியம். கதவு கனத்தோடு இரண்டு பக்கத் தகட்டின் கனத்தையும் கூட்டிப் பார்த்து வாங்குங்கள். தகட்டை விட்டு இரண்டு மூன்று மி.மீ.க்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், குறட்டால் பிடித்து முறிக்கத் திருடனுக்கு நாமே கைப்பிடி கொடுத்த மாதிரி.

ஆசாரிவீட்டுப்பிள்ளை | ஞாயிறு, காலை 8:35

தம்பி, ஒரு நிமிடம். உள்ளறைப் பூட்டு கதவின் நடுக் குறுக்குச் சட்டத்துக்கு நேராக இருக்கிறதா? அந்த மூட்டில் இடைவெளி தெரிகிறதா?

பழையபேட்டையான் | ஞாயிறு, காலை 8:50

ஆமாம் அண்ணா, நேராகத்தான் இருக்கிறது. மூட்டில் ஒரு அட்டை நுழையும் அளவு வாய் பிளந்திருக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

ஆசாரிவீட்டுப்பிள்ளை | ஞாயிறு, காலை 9:20

அப்பா இதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவார். குறுக்குச் சட்டத்தின் கழுந்து, அதாவது முனையில் சீவி நீட்டிய பகுதி, நெடுஞ்சட்டத்தின் துளைக்குள் போய்த்தான் கதவையே பிடித்து நிற்கிறது. பூட்டு வைக்கிறேன் என்று அந்த இடத்தையே குடைந்தால் கழுந்து அறுந்துபோகும். அன்றைக்குத் தெரியாது, பத்து வருடம் கழித்துக் கதவு தளரும். பூட்டு உயரம் கைக்கு வாகாக இருக்கிறது என்று அங்கேயே வைத்துவிடுவார்கள்.

நான் என்றால் பழைய குடைவைத் தேக்குத் துண்டால் அடைத்துவிடுவேன். துண்டின் இழை ஓட்டம் சட்டத்தின் இழையோடு ஒத்திருக்க வேண்டும், இறுக்கமாக இருக்க வேண்டும், ஒட்டி ஒரு நாள் கிளாம்ப் போட வேண்டும். மரத்தூளையும் ஃபெவிகாலையும் பிசைந்து அப்புவது பார்வைக்கு மட்டும், அதில் திருகு நிற்காது. கிளாம்ப் போடும்போதே மூட்டையும் இறுக்கி, கழுந்தில் மிச்சம் இருக்கும் பகுதிக்கு ஒரு மூங்கில் ஆணி அடித்துவிடுங்கள்.

புதுப் பூட்டைக் குறுக்குச் சட்டத்துக்கு மேலே ஏற்றி வையுங்கள். நெடுஞ்சட்டம் அகலம் 4 அங்குலம் இருந்தால், பலகை உட்காரும் காடிக்கு அரை அங்குலம் போக 88 மி.மீ. கிடைக்கும். 45 பேக்செட் பெட்டி அதற்குள் அடங்கும். 60 வாங்கினால் காடியில் போய் முட்டலாம். கனத்தில் கவலை இல்லை, 16-க்குக் குடைந்தால் இரு பக்கமும் 11 மிஞ்சும். நடுக்கோடு போட்டு, வரிசையாகத் துளையிட்டு, அப்புறம் உளியால் சுவரைச் சீவுங்கள். துளைக்கும்போது டிரில் சாய்ந்தால் அந்த 11 ஒரு பக்கம் 5 ஆகிவிடும்.

முதலில் பெட்டிக்கான குழி, பெட்டி முழுசாக உட்கார்ந்த பிறகுதான் முகத்தகட்டுக்கு மேல் சீவல். சிலர் தலைகீழாகச் செய்து முகத்தகட்டைச் சுற்றி இடைவெளியோடு நிற்பார்கள்.

அரூர்க்காரி | ஞாயிறு, காலை 10:10

மேலே ஏற்றினால் கைப்பிடி ஓட்டையும் இடம் மாறுமே? அப்போது பழைய ஓட்டை இரண்டும் வெளியே தெரியாதா?

ஆசாரிவீட்டுப்பிள்ளை | ஞாயிறு, காலை 10:20

தெரியும் அக்கா. அடைத்து இழைத்துப் பாலிஷ் போட்டாலும் உற்றுப் பார்த்தால் தெரியும். ஹார்டுவேர் சார் சொன்ன நீளத் தகடு பழைய இடத்திலேயே வைத்தால்தான் மறைக்கும். அழகா, கதவா என்று தம்பிதான் முடிவு செய்ய வேண்டும். உள்ளறைக் கதவு, யார் பார்க்கப் போகிறார்கள்?

திண்டுக்கல்_மாப்பிள்ளை | ஞாயிறு, பகல் 12:00

இவ்வளவு தொல்லைக்கு எங்கள் ஊரில் கொடுத்துச் செய்துவிடலாமே? திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்தது.

தருமபுரி_ஹார்டுவேர் | ஞாயிறு, பகல் 12:25

மாப்பிள்ளைக்கு ஊர்ப்பற்று. திண்டுக்கல்லின் பெயர் தொங்குபூட்டில்தான் சார், அதில் மறுபேச்சு இல்லை. என் கடைக்கு வருகிற மார்டைஸ் பூட்டில் அலிகார் சரக்குதான் நிறைய. ஆனால் லீவரை அரத்தால் ராவி ஒத்துவைக்கும் கை உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறது. வாசல் பூட்டுக்குச் சாவி புதுசாக வெட்ட வேண்டி வந்தால் பூட்டோடு அங்கே அனுப்பலாம்.

சாவி என்றதும் ஞாபகம் வருகிறது. தம்பி, வாசல் பூட்டுக்கு நகல் சாவி எடுப்பதானால் தினமும் புழங்கிய சாவியைக் கொடுக்காதீர்கள். அதன் தேய்மானமும் சேர்ந்து நகலாகும். பீரோவில் சும்மா கிடந்த சாவி ஏதாவது இருந்தால் அதைக் கொடுங்கள்.

பழையபேட்டையான் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 4:45

வேலை முடிந்தது.

வாசல்: நிலையில் தேய்ந்த ஓட்டையைத் தேக்குக் கட்டையால் அடைத்து, புதிதாகத் துளைத்து, மேலே ஒரு பித்தளைத் தகடு வைத்தேன். இடது கதவு இப்போது அசையவில்லை. பூட்டைக் கழுவி, பழைய இரும்புக் கடையில் கிடைத்த ஸ்பிரிங் போட்டு மாட்டியாயிற்று. ஸ்பிரிங் நாற்பது ரூபாய். ஒரு விரலால் சாவி சுற்றுகிறது. சாவித் துவாரத்துக்குக் குளவி நுழையாமல் இருக்க, தள்ளினால் நகரும் சின்ன மூடி ஒன்று வாங்கினேன்.

உள்ளறை: பழைய குழியை அடைத்து மேலே ஏற்றினோம். 85-க்கு 45 பெட்டி, சிலிண்டர், கைப்பிடி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து முந்நூறு. ஆசாரி கூலி தனி. முதல் துளையே சற்றுச் சாய்ந்துவிட்டது, ஒரு பக்கம் 8தான் மிச்சம். அடுத்த துளையிலிருந்து அவரே பார்த்துத் திருத்திக்கொண்டார்.

பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். வீடு கட்டியபோது சேலம் மாவட்டம், 1965-இல் தருமபுரி, 2004-இல் கிருஷ்ணகிரி. ஒரே கதவு, மூன்று மாவட்டம்.

ஒரு சந்தேகம் மட்டும். மழை நாளில் வாசல் கதவின் அடி உப்பி உரசுகிறது. இழைத்துவிடலாமா?

ஆசாரிவீட்டுப்பிள்ளை | ஞாயிறு, மாலை 5:10

இப்போது வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் உப்பிய கதவை இழைத்தால் சித்திரையில் பல்லி நுழையும் சந்து விழும். கதவின் அடி விளிம்பில் பெயின்டோ பாலிஷோ இருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே யாரும் அடித்திருக்க மாட்டார்கள், ஈரம் ஏறுவது அந்த வழியாகத்தான். தை பிறந்து மரம் உலர்ந்ததும் கழற்றி அடியில் இரண்டு கோட் அடியுங்கள். அதற்கப்புறமும் உரசினால் இழைக்கலாம்.

அரூர்க்காரி | ஞாயிறு, மாலை 6:30

தம்பி, அந்தக் குளவி மூடி எங்கே கிடைத்தது? எனக்கும் இரண்டு வேண்டும். தேங்காய் எண்ணெயை நிறுத்திவிட்டேன், ஹார்டுவேர் சாருக்குச் சொல்லிவிடுங்கள்.

தருமபுரி_ஹார்டுவேர் | ஞாயிறு, மாலை 6:41

பார்த்துவிட்டேன் அக்கா :) சாவித் துவார மூடி என்று கேளுங்கள், எல்லா ஹார்டுவேர் கடையிலும் இருக்கும். பித்தளையாகப் பார்த்து வாங்குங்கள், முலாம் பூசிய இரும்பு ஒரே மழையில் துருப்பிடிக்கும்.